தன்னார்வலர் எண் மூன்று

சுகிர்தாவின் கணவன் ரூபன் இறந்து ஆறு வருடம் நான்கு மாதம் ஆகியிருந்தபோது, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே காலுக்கு, அவனுடைய கல்லீரல் அவள் வேலை பார்க்கும் அறைக்குள் நடந்து வந்து, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, "எங்கிட்டுப் படுக்கணும் தாயி?" என்று கேட்டது.

அப்போது அது அவளுக்குத் தெரியாது. டோக்கன் நாற்பத்திரண்டு, பெயர் கா. சோணைமுத்து, வயது ஐம்பத்தாறு, சோழவந்தான் பக்கம், தொழில் நெல் அறுக்கும் இயந்திரம் ஓட்டுவது. அவளுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மஞ்சள் காமாலை பி வகைக் கிருமி உடம்பில் உள்ள எல்லோரும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மதுரையில் இருக்கும் இந்த மையத்துக்கு வந்து கல்லீரலை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவாகி இரண்டு வருடம் ஆகிறது. கல்லீரலில் வரும் புற்றுநோய் சத்தம் போடாமல் வளரும். வலிக்கிறது என்று ஒருவர் வந்து நிற்கும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். ஆகவே வலிப்பதற்கு முன்பே எல்லோரையும் பிடித்து வந்து படுக்கவைத்தார்கள். ஒரு நாளைக்கு நூற்றைம்பது பேர்.

"எம்புட்டு நேரமாகும்? வயல்ல மிஷினை நிப்பாட்டிட்டு வந்திருக்கேன். வயல்காரச் சம்சாரிக போன் மேல போன் போடுறாய்ங்க."

"இங்க முன்னாடி படம் எடுத்திருக்கீங்களா ஐயா?"

"இல்ல. இதான் மொதத் தடவ."

"அப்ப இன்னைக்கு மட்டும் நாப்பது நிமிஷம் படுக்கணும். அடுத்த தடவையில இருந்து ஒன்றரை நிமிஷம்தான்."

சோணைமுத்து குனிந்து அந்தக் குழாயின் வாயை எட்டிப் பார்த்தார். ஆறடி உயரமும் அதற்கேற்ற அகலமும் உள்ள மனிதர். பார்த்ததும் ஒரு அடி பின்னால் வைத்தார்.

"இந்தப் பொந்துக்குள்ளயா? நாப்பது நிமிஷமா? அதென்ன தாயி கணக்கு, நாப்பது எப்படி ஒன்றரை ஆகும்?"

இதை ஒரு நாளைக்குப் பத்து பேருக்காவது சொல்லிச் சொல்லி அவளுக்கு நாக்கு தேய்ந்திருந்தது. "மொதத் தடவை மிஷின் உங்க கல்லீரலை ஒரு மூலை விடாமப் பார்த்து மனப்பாடம் பண்ணிக்கும். அடுத்த தடவை அங்கங்க தொட்டுப் பார்க்கும், அவ்வளவுதான். பன்னிரண்டுல ஒரு பங்குதான் புதுசா எடுக்கும். மீதிப் பதினோரு பங்கைப் பழைய படத்துல இருந்து போட்டு நிரப்பிக்கும். ஏதாவது மாறியிருந்தா மட்டும் கத்தும்."

"சொந்தக்காரன் வீட்டுக்கு வாரது மாதிரி. மொதத் தடவ எல்லாத்தையும் விசாரிப்பான். அப்புறம் 'எளச்சுட்டியே'ன்னு மட்டும் சொல்லிட்டுப் போயிருவான்."

"அதேதான்" என்று சிரித்துக்கொண்டே அவரைப் படுக்கவைத்து, வயிற்றின் மேல் கவசம் போன்ற தகட்டை வைத்துக் கட்டினாள். உலோகம் ஏதும் இல்லாததால் சட்டையைக் கழற்றச் சொல்லவில்லை. விவரப் படிவத்தில் 'பித்தப்பை ஆபரேஷன், ஆறு வருடம் முன்பு' என்று எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டுக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தாள். நாற்பது நிமிடப் படத்துக்கான பட்டனை அழுத்தப் போனவளை, வழக்கம்போல் முதலில் வயிற்றை ஒரு நோட்டம் விட்ட மிஷின் முந்திக்கொண்டது. திரையில் ஒரு பச்சைப் பட்டை ஓடியது. 'பழைய படம் கிடைத்தது.'

"ஐயா, உங்களுக்கு யோகந்தான். எங்கேயோ முன்னாடி எடுத்திருக்கீங்க போலிருக்கு. ஒன்றரை நிமிஷம் போதுமாம்" என்று மைக்கில் சொன்னாள்.

"எடுத்திருப்பேன் தாயி, எடுத்திருப்பேன்" என்று உள்ளேயிருந்து அவசர அவசரமாகக் குரல் வந்தது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெயரை வைத்து ஆளைத் தேடும் வேலையை அந்த மையம் முதல் மாதமே கைகழுவிவிட்டது. நம் ஊர்ப் பெயர்களை வைத்துக்கொண்டு எந்த மிஷினாலும் குடித்தனம் பண்ண முடியாது. ஒரு அட்டையில் இனிஷியல் முன்னால் இருக்கும், இன்னொன்றில் பின்னால் இருக்கும். கல்யாணத்துக்கு முன் அப்பாவின் எழுத்து, பின் புருஷனின் எழுத்து. பெ. பாண்டி என்ற பெயரில் மட்டும் மாவட்டத்தில் அறுநூறு பேர். ஒரு பாண்டிக்கு வைக்க வேண்டிய கத்தியை இன்னொரு பாண்டிக்கு வைக்க இருந்து, கடைசி நிமிடத்தில் ஒரு நர்ஸ் கண்டுபிடித்தாள். அதன்பிறகு பொறியாளர்கள் பெயரை நம்பக் கூடாது என்று முடிவெடுத்தார்கள். கல்லீரலுக்குள் ரத்தக் குழாய்கள் கிளைவிட்டுப் பிரிகிற விதம் கைரேகை போல ஆளுக்கு ஆள் வேறு. அதையே அடையாளமாக வைத்து மாநிலம் முழுவதும் சேர்த்த படங்களில் தேடு என்று மிஷினுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பேர் மாறும், போன் நம்பர் மாறும், கல்லீரல் மாறாது என்று பயிற்சி வகுப்பில் சொன்னபோது சுகிர்தாவும் தலையாட்டினாள். மாற்று அறுவை செய்துகொண்டவர்களுக்குப் படிவத்தில் தனியாக ஒரு கட்டம் இருந்தது. அதில் குறி போட்டால், அறுவைக்கு முந்தைய படம் எதையும் மிஷின் எடுக்காது. சோணைமுத்துவின் படிவத்தில் அந்தக் கட்டம் காலியாக இருந்தது.

பச்சைப் பட்டைக்குக் கீழே பழைய படத்தின் விவரம் வந்தது. ஒப்புமை நூற்றுக்கு நூறு. படம் எடுத்த நாள் ஏழு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பெயர் என்ற இடத்தில் 'தன்னார்வலர் எண் 3.'

அந்த எண்ணைக் கொடுத்தவளே அவள்தான்.

மிஷின் புதிதாக வந்தபோது அதைச் சரிபார்க்க ஆரோக்கியமான கல்லீரல்கள் தேவைப்பட்டன. அவரவர் வீட்டு ஆட்களைக் கூட்டி வாருங்கள் என்றார்கள். எண் ஒன்று, வாசல் காவலாளி. எண் இரண்டு, மையத்தின் டாக்டர் ஜமீலாவின் தம்பி. இருவரும் ஒரு தடவையோடு ஓடிவிட்டார்கள். எண் மூன்று மட்டும் பதினோரு ஞாயிற்றுக்கிழமை வந்தான். மின்வாரியத்தில் வீடு வீடாக மீட்டர் பார்க்கிறவன், ஞாயிறு ஒரு நாள்தான் அவனுக்கு ஓய்வு. அந்த ஓய்வையும் அவள் பக்கத்தில் இருக்கலாம் என்பதற்காக இங்கே வந்து கழித்தான். மிஷின் போடுகிற தடதடச் சத்தத்துக்கு நடுவில் குறட்டை விட்டுத் தூங்குவான். குறட்டையில் படம் ஆடிப்போய், திரும்ப எடுக்க வேண்டிவரும். "ஊர்ல எல்லாப் பொண்டாட்டியும் புருஷன் மனசுல என்ன இருக்குன்னு தேடுறாளுக. நீ ஈரல்ல தேடுற" என்பான்.

அவன் பைக்கைச் சுற்றுச்சாலையில் ஒரு லாரி அடித்தது. மூன்றாவது நாள் மூளைச்சாவு என்றார்கள். சுகிர்தா கையெழுத்துப் போட்டாள். இதயம் உதவவில்லை. சிறுநீரகங்கள் இரண்டு பேருக்கு, கல்லீரல் ஒருவருக்குப் போயின. யாருக்கு என்று சொல்ல மாட்டார்கள், சட்டம் அப்படி. அவளும் கேட்கவில்லை. ஆனால் பஸ்ஸில் எதிர் சீட்டில் உட்கார்ந்திருக்கிறவர்களின் முகத்தை அதற்குப் பிறகு அவள் பார்க்கிற விதம் மாறிப்போனது. இவராக இருக்குமோ, அவராக இருக்குமோ என்று ஆறு வருடமாக ஒரு ஊரையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தாள். ஏக்கம் தாங்காத நாளில் மையத்தில் மூன்றாம் எண்ணின் கோப்பைத் திறந்துவைத்துப் பார்ப்பாள். கல்யாணப் போட்டோவில் இருப்பவன் போட்டோவுக்காகச் சிரித்தவன். கோப்பில் இருப்பவன் தூங்கிக்கொண்டிருந்த அவள் புருஷன்.

இப்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு முரட்டு மனிதரின் வயிறு மூச்சுக்கு ஏறி இறங்கியது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து ஓடிப்போய் அவர் கால்மாட்டில் உட்கார்ந்துகொள்ளத் தோன்றியது. தொண்ணூறு வினாடி முடிந்து திரையில் முடிவு வந்தது.

'மாற்றம் இல்லை.'

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

சோணைமுத்து எழுந்து வந்து சீட்டை வாங்கிக்கொண்டார். "நல்லாருக்குல்ல தாயி?" என்றார். அவள் தலையாட்டினாள். வாயைத் திறந்தால் என்ன வரும் என்று அவளுக்கே தெரியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். டோக்கன் நாற்பத்து மூன்று வந்து படுத்தது, எழுந்தது. நாற்பத்து நான்கு வந்து படுத்தது.

அழுகை அடங்கிய பிறகுதான் மூளை வேலை செய்தது. எதில் மாற்றம் இல்லை? பதினோரு பங்கு ரூபனுடைய படம். ஏழு வருடத்துக்கு முந்தைய, ஒரு குறையும் இல்லாத கல்லீரல். இவருடையது என்று மிஷின் புதிதாகத் தொட்டது ஒரு பங்குதான். தொட்டவை போக மீதி இடத்தில், பயறு அளவுக்கு ஒரு கட்டி இருந்தால் அதன் மேல் ரூபனைப் போட்டு மூடியிருக்கும். கிருமி உடம்பிலேயே இருக்கிற மனிதர். பழைய கல்லீரல் எதனால் கெட்டதோ அதுவே புதியதையும் தேடி வரும்.

அவளுக்கு இது தெரியும். இன்னொன்றும் தெரியும். பேசாமல் இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவர் இந்த மேசைக்கு வருவார், மிஷின் ஒவ்வொரு தடவையும் ரூபனைக் கூப்பிட்டுக் காட்டும். சொல்லிவிட்டால் கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்பது வெளியே வந்துவிடும். அப்புறம் மூன்றாம் எண்ணை இந்த உலகத்தில் வைத்திருக்க விடமாட்டார்கள். நாற்பத்து நான்காம் டோக்கனின் தொண்ணூறு வினாடி முழுவதும் சுகிர்தா பேசாமல் இருந்தாள். தன் வாழ்நாளில் தான் கெட்டவளாக இருந்த நேரம் அதுதான் என்று பிற்பாடு தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

பிறகு நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினாள்.

ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே டீக்கடையில் சோணைமுத்து ஒரு கையில் டீயும் மறு கையில் உளுந்து வடையுமாக நின்றுகொண்டிருந்தார்.

"ஐயா, அந்த வடையைச் சாப்பிடாதீங்க!"

கடைக்காரர் முறைத்தார். வடையை எடுத்த இன்னும் இரண்டு பேர் அதைத் திரும்பத் தட்டில் வைத்தார்கள்.

"வடையில ஒண்ணும் இல்லண்ணே" என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, "உங்களுக்கு இன்னொரு படம் எடுக்கணும் ஐயா. வெறும் வயித்துல எடுத்தா நல்லது" என்றாள்.

"நல்லாருக்குன்னுதானே சீட்டுல போட்டிருக்கு? மககிட்ட போன்லயும் சொல்லிட்டேன்."

"மிஷின் தப்புப் பண்ணியிருக்கு."

"மிஷின் தப்புப் பண்ணாது தாயி. ஓட்டுறவன்தான் பண்ணுவான். நான் இருவது வருசமா ஓட்டுறேன்."

அவள் அவரைப் புங்கமரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போனாள். குரலைத் தாழ்த்தினாள். "படிவத்துல பித்தப்பை ஆபரேஷன்னு போட்டிருக்கு. அது பித்தப்பை இல்லையே?"

சோணைமுத்துவின் கை தானாக வயிற்றுக்குப் போனது. சுற்றுமுற்றும் பார்த்தார்.

"மெதுவாப் பேசுங்க. மேசையில ஒக்காந்து எழுதுற புள்ள எங்க ஊரு. ராமையா மக. அதுகிட்டச் சொன்னா சாயங்காலத்துக்குள்ள ஊரே பேசும். கோயம்புத்தூர்ல போயி பண்ணிக்கிட்டது, எங்க அண்ணன் தம்பிகளுக்கே தெரியாது. மகளுக்கு மாப்பிள்ள பாத்துக்கிட்டிருக்கோம் தாயி. அப்பனுக்கு அடுத்தவன் ஈரலு, எத்தன நாளைக்குத் தாங்குமோன்னு நெனச்சா எவன் வருவான்?"

"சரி. மாத்திரையாவது ஒழுங்காச் சாப்பிடுறீங்களா?"

அவர் டீயைப் பார்த்தார். "வீட்டுக்கு ஆளுக வந்து போறாக. டப்பாவப் பாத்தா என்ன ஏதுன்னு கேப்பாக. அப்பப்ப விட்டுப் போயிருது. உடம்பு நல்லாத்தானே இருக்கு?"

சுகிர்தாவுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. அது என்ன, மழைக்கு இரவல் வாங்கிய குடையா, கிடைத்த இடத்தில் வைத்துவிட்டு வருவதற்கு? கொடுத்தவன் எப்படிக் கொடுத்தான் தெரியுமா, கொடுக்கச் சொன்னவள் எப்படிச் சொன்னாள் தெரியுமா என்று சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. உலுக்கவில்லை. ஒவ்வொரு சொல்லாக அடுக்கிச் சொன்னாள்.

"நல்லாக் கேட்டுக்கோங்க ஐயா. மிஷினுக்கு ஆளைத் தெரியாது, ஈரலைத்தான் தெரியும். உங்க ஈரலைப் பார்த்துட்டு, அது முன்னாடி யார்கிட்ட இருந்துச்சோ அவரோட படத்தை எடுத்து நிரப்பிக்கிச்சு. அவருக்கு ஒரு நோயும் இல்ல. அதான் மாற்றம் இல்லைன்னு வந்திருக்கு. அந்தச் சீட்டு உங்களுது இல்ல. அவருது."

எதிரே ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. சோணைமுத்து வடையை அப்படியே கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அவரு படந்தான்னு உங்களுக்கு எப்படித் தெரியும் தாயி?"

சட்டப்படி அவள் வாயை மூடிக்கொள்ள வேண்டிய இடம் அது.

"நான்தான் எடுத்தேன்" என்றாள்.

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். வரப்பில் நின்று பார்த்தே கதிரில் ஈரம் எவ்வளவு என்று சொல்கிற மனிதர். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. வடையைப் பொட்டலமாகக் கட்டிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"நம்ம மிஷினு அறுத்தாலும் வயலு மூலையில கதிரு நின்னுபோயிரும். அங்கிட்டு ஆளு எறங்கி அருவாளாலதான் அறுக்கணும்" என்றார். "வாங்க, போவோம்."

நாற்பது நிமிடம் மிஷினைப் பிடித்துக்கொள்வதென்றால் இருபத்தைந்து பேர் வெளியே காத்திருக்க வேண்டும். டாக்டர் ஜமீலா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "என்ன சுகி, விளையாடுறியா?" என்றுதான் தொடங்கினார். சுகிர்தா நான்கு வாக்கியத்தில் சொன்னாள். டாக்டர் கண்ணாடியைக் கீழே இறக்கினார். "மருந்து போட்டு எடு. கூட்டத்தை நான் பார்த்துக்கிறேன்" என்றார்.

கையில் ஊசி குத்தி மருந்து ஏற்றத் தயாராக வைத்துவிட்டு, சோணைமுத்துவைப் பொந்துக்குள் அனுப்பினாள். முழுப்படத்துக்கு மூச்சு முக்கியம். "மூச்சை இழுங்க. விடுங்க. அப்படியே நிறுத்துங்க" என்று அவள் சொல்லச் சொல்ல அவர் நிறுத்தினார். நடுவில் மருந்து போனது. அதற்கு அப்புறம் இருபது நிமிடம் சும்மா காத்திருக்க வேண்டும். நல்ல கல்லீரல் அந்த மருந்தைக் குடித்து வெளுத்து நிற்கும். புற்று குடிக்காது, கறுப்பாகத் தெரியும். குடித்து முடிக்கத்தான் அந்த நேரம்.

மிஷின் சத்தம் நின்றதும் உள்ளே அவர் மூச்சு வாங்குவது ஸ்பீக்கரில் கேட்டது. "தாயி, ஏதாச்சும் பேசிக்கிட்டு இருங்க. பயமாக் கெடக்கு" என்றார்.

சுகிர்தா பேசினாள். மழை, வெயில் என்று ஏதோ தொடங்கினாள். ஆனால் திரையில் இருந்தது ரூபனுடைய கல்லீரல், இன்றைய தேதியில், உயிரோடு, மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டிருந்தது. பேச்சு அவளை அறியாமல் எங்கோ போனது.

"மாடியில தகரம் போட்டிருக்கு. மழை பெஞ்சா காதே கிழியுது. ஓடே போட்டிருக்கலாம், யார்கிட்டக் கேக்குறது? கீழ்வீட்டு அக்கா காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க. இப்ப வந்திருக்கிறவங்க கோலம்கூடப் போட மாட்டேங்குறாங்க. பைக்கை வித்தாச்சு. விக்க மனசில்ல, அது நின்ன இடத்தைத் தினமும் தாண்டிப் போக முடியல. போன மாசம் பல்லு ஒண்ணு பிடுங்கினேன். நான் நல்லாத்தான் இருக்கேன். ஞாயித்துக்கிழமைதான் போக மாட்டேங்குது."

உள்ளேயிருந்து அவ்வப்போது "ம்" என்று மட்டும் வந்தது.

இருபது நிமிடம் எப்படிப் போயிற்று என்று தெரியவில்லை. கடைசிப் படங்களை எடுத்தாள். வெளுத்து நின்ற கல்லீரலின் வலது ஓரத்தில், விலா எலும்புகளுக்குப் பக்கத்தில், ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது. ஒன்பது மில்லிமீட்டர். அந்த இடத்தில் காலையில் மிஷின் ரூபனைப் போட்டு நிரப்பியிருந்தது.

"புற்றுதான்" என்றார் ஜமீலா, வெகுநேரம் பார்த்துவிட்டு. "ஆனா சின்னது. ஊசியை விட்டுச் சுட்டுடலாம். ஆறு மாசம் கழிச்சுப் பார்த்திருந்தா இந்தப் பேச்சே பேசியிருக்க முடியாது." சற்று நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். "சுகி, ஒண்ணு சொல்றேன். அவருக்கு அவர் பேர்லயே முழுப்படம் வந்தாச்சு. இனிமே அடுத்த தடவை மிஷின் அதைத்தான் எடுக்கும். நீ எழுதிக் கொடுக்கலைன்னாலும் அவருக்கு ஒண்ணும் ஆகாது. எழுதிக் கொடுத்தா மூணாம் நம்பரை அழிச்சிடுவாங்க. நகல்கூட வைக்க விடமாட்டாங்க. நான் எதையும் பார்க்கல."

டாக்டர் இரக்கப்பட்டுத்தான் சொன்னார். ரூபனின் பதினோரு ஞாயிற்றுக்கிழமைகளில் பாதிக்கு அவரும் கூட இருந்தவர்.

"இவருக்கு மட்டும்தான் மேடம் ராமையா பொண்ணு எழுதுறா?" என்றாள் சுகிர்தா. "ஒவ்வொரு ஊர்லயும் ஒரு ராமையா பொண்ணு இருப்பாளே. எத்தனை பேர் பித்தப்பைன்னு எழுதிட்டு, அடுத்தவங்க சீட்டை வாங்கிட்டுப் போறாங்களோ."

ஜமீலா பேனாவை மேசையில் வைத்துவிட்டு ஒரு வெள்ளைத்தாளை அவள் பக்கம் நகர்த்தினார்.

அவள் எழுதிக் கொடுத்தாள். மாநிலம் முழுவதும் தேடினார்கள். இறந்தவர்களின் படத்தை வைத்து 'மாற்றம் இல்லை' என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் பதினான்கு பேர் இருந்தார்கள். அவர்களில் மூன்று பேருக்குக் கட்டி இருந்தது. இனி படிவத்தை ஊர்க்காரர் எழுதக் கூடாது, தனி அறையில் நர்ஸ் கேட்க வேண்டும் என்று விதி வந்தது. சுகிர்தாவுக்குப் பாராட்டு வரவில்லை. தானம் வாங்கியவரிடம் தானம் கொடுத்தவரைப் பற்றிப் பேசியதற்காக விளக்கம் கேட்டு ஒரு கடிதம்தான் வந்தது. கூடவே இன்னொரு படிவம் வந்தது. தன்னார்வலர் எண் மூன்றின் படங்களை நிரந்தரமாக நீக்குவதற்கு மனைவியின் சம்மதம்.

அதிலும் கையெழுத்திட்டாள். ஒரே மனிதனை இரண்டு முறை கையெழுத்துப் போட்டு அனுப்பிவைத்த பெண் இந்த ஊரில் வேறு யாரும் இருக்க மாட்டாள். அழிப்பதற்கு முன் ஒருமுறை பார்த்துக்கொள்ள அனுமதி கொடுத்தார்கள். பார்த்தாள். நான்காவது ஞாயிற்றுக்கிழமைப் படம் ஒன்று ஆடிப்போயிருந்தது. அன்று கோபப்பட்டுத் திரும்ப எடுத்திருந்தாள். அந்தக் குறட்டைக்கு இன்று தன் மிச்ச ஆயுளில் பாதியைக் கொடுப்பாள். திரை வெறுமையானதும் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாள்.

மூன்று மாதம் கழித்து சோணைமுத்து வந்தார். கட்டியைச் சுட்டாகிவிட்டது. கொஞ்சம் இளைத்திருந்தார். படிவத்தில் எல்லாவற்றையும் உள்ளபடி சொல்லியிருந்தார். மகளுக்கு வந்த ஒரு மாப்பிள்ளை வீட்டார் விஷயம் தெரிந்து பின்வாங்கிவிட்டார்கள் என்றும், அடுத்து வந்தவர்கள் தெரிந்தே வந்திருக்கிறார்கள் என்றும் செருப்பைக் கழற்றியபடி சொன்னார். புங்கமரத்தடியில் நடந்த பேச்சைப் பற்றி வாய் திறக்கவில்லை. அவளும் திறக்கவில்லை.

மிஷின் தேடியது. 'பழைய படம் கிடைத்தது. கா. சோணைமுத்து.' தொண்ணூறு வினாடி. அந்தத் தொண்ணூறு வினாடியையும் அவள் வயிறு காய்ந்தவள் சோற்றைப் பார்ப்பது போலப் பார்த்தாள். நாற்பது நிமிடத்தை ஒன்றரை நிமிடமாகச் சுருக்கியவர்களை உலகமே வாழ்த்தியது. அவளும் வாழ்த்தியவள்தான். இன்று அவர்கள் மேல் அநியாயமாகக் கோபம் வந்தது. சுட்ட இடத்தில் சிறு தழும்பு தவிர வேறு ஒன்றும் இல்லை என்று முடிவு வந்தது.

"முடிஞ்சிருச்சு ஐயா. நல்லா இருக்கு. எழுந்திரிங்க."

அவர் எழுந்திருக்கவில்லை. உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"வெளிய கூட்டம் நெறயவா தாயி?"

"இருக்குங்க. அறுபது பேர் இருப்பாங்க."

"சரி. எனக்கு இன்னைக்குச் சோலி ஒண்ணும் இல்ல. வேணும்னா இன்னுங் கொஞ்ச நேரம் இப்படியே படுத்துக்கிறேன். நீங்க பேசுறதுன்னாப் பேசுங்க. நான் எதுவும் கேக்கல, யாருகிட்டயும் சொல்லவும் மாட்டேன்."

கண்ணாடி வழியாகப் பார்த்தாள். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, அந்தப் பொந்துக்குள் இரண்டு கையாலும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தார். நெற்றி வேர்த்திருந்தது.

சுகிர்தா மைக்கின் பட்டனை அழுத்தினாள். ஒன்றும் பேச வரவில்லை. பட்டனிலிருந்து கையையும் எடுக்கவில்லை. உள்ளேயிருந்து "ம்" என்று ஒரு சத்தம் வந்தது.

அன்று அடுத்த டோக்கனைக் கூப்பிட ஐந்து நிமிடம் தாமதமாயிற்று.